மச்சம் வைத்த கொக்கி

வெந்நீரக்கா வீட்டு மெஷின் நாற்பது விநாடிக்கு ஒரு தடவை வாயைத் திறக்கும். 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு பெருமூச்சு, அப்புறம் இரண்டு கொக்கிகள் தட்டில் விழுகிற சத்தம். அவர்கள் பட்டறைக்கும் என் பட்டறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஆறு வருஷமாக அட்டைப்பெட்டி செய்தவன் நான். ஒரு பெட்டியை மடித்து, ஓரத்துக்குப் பின் அடித்து, அடுக்கில் வைக்க எனக்கும் நாற்பது விநாடிதான் பிடிக்கும். அந்தப் பக்கம் மெஷின் நின்றால் இந்தப் பக்கம் என் கையும் நின்றுவிடும். எழுந்து போய் என்ன ஏது என்று விசாரிப்பேன். மூக்கை நுழைப்பது என் பிறவிக்குணம், அதை நான் மறைத்ததில்லை.

அக்கா என்கிறேனே தவிர என்னைவிட நாலு வயது சின்னவள். சந்து முழுக்க அப்படித்தான் கூப்பிடும். மெஷினுக்குப் பின்னால் ஒரு பெரிய அலுமினியத் தொட்டியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை வெந்நீர் இருக்கும். அவளுடைய கோபமும் ஏறத்தாழ அதே சூட்டில் இருக்கும். யார் வைத்த பெயர் என்று தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்து வைத்த பெயர். அவள் புருஷன் டைக்காரர். இரும்பைக் குடைந்து அச்சு செய்கிறவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மூன்றாவது ஆள் அவருடைய தங்கை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று சந்தில் ஒரே ஒருத்தர்தான் கேட்டார். அவருக்கு வெந்நீரக்கா சொன்ன பதிலைக் கேட்ட பிறகு வேறு யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. மெஷினிலிருந்து வருகிற கொக்கியின் ஓரத்தில் நிற்கும் பிசிறை பிளேடால் சீவுவது நாத்தனார் வேலை.

கொக்கி என்றால் நீட்டு ஏணிக்கான கொக்கி. இரண்டு ஏணிகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குமே, அதில் மேல் ஏணி கீழே வழுக்காமல் கீழ் ஏணியின் படியைக் கவ்விப் பிடிக்கிற சாமான். உள்ளங்கை நீளம், கட்டைவிரல் கனம். ஏணிக்கு இரண்டு. உச்சியில் நின்று சுவருக்கு வர்ணம் அடிக்கிறவனுடைய மொத்த எடையும் அந்த இரண்டு கொக்கியில்தான் நிற்கிறது. அவள் மெஷினுக்கு முக்கால்வாசி வேலை அந்தக் கொக்கிதான். மீதிக் கால்வாசி, வாளிப்பிடி, மூடி என்று உதிரி.

கொக்கியை நைலானில் போட்டார்கள். நைலான் குருணையை மெஷின் உருக்கி அச்சுக்குள் அடைக்கும், உள்ளே இறுகியதும் கொக்கியாக வெளியே விழும். நைலான் ஒரு வினோதமான பிறவி. குருணையாக மெஷினுக்குள் போகிறவரை அதற்குச் சொட்டு ஈரம் ஆகாது. நாலு மணி நேரம் சூடான காற்றில் உலர்த்தித்தான் போட வேண்டும். கொக்கியாக வெளியே வந்த பிறகோ அதற்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தே ஆக வேண்டும். அச்சிலிருந்து வந்த சூட்டோடு பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஆனால் விறைப்பு, ஓங்கி அடித்தால் தெறித்துவிடும். ஒரு பகல் முழுக்க வெந்நீரில் ஊறினால் பளபளப்பு போய், லேசாகப் பழுப்பேறி, தண்ணீர்க்கறை படிந்து, பார்க்கச் சகிக்காது. அப்புறம் சம்மட்டியால் அடித்தாலும் அசையாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தச் சுவர்தான். அவள் யாருக்காவது சத்தமாக விளக்கிக்கொண்டே இருப்பாள்.

அந்தக் கொக்கியில் ஒரு மச்சம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அச்சு வெட்டி முடிக்கிற கடைசி நாளில் டைக்காரர் கையிலிருந்த உளி நழுவிவிட்டது. ஒட்டி ஒட்டி இருந்த இரண்டு அச்சுக் குழிக்குள்ளும் ஒரே சறுக்கலில் கடுகளவு பள்ளம். அச்சில் பள்ளம் என்றால் பொருளில் மேடு. அன்றிலிருந்து பிறந்த ஒவ்வொரு கொக்கியின் கழுத்திலும் கடுகளவு ஒரு மேடு. பிடிமானத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மனுஷர் ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்தபடியே இருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏணி பழுது பார்க்கிறவர்கள், வர்ணம் அடிக்கிறவர்கள், உயரத்தில் பலகை மாட்டுகிறவர்கள் எல்லாரும் நாளடைவில் அந்த மச்சத்தைத் தேடித் தடவிப் பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். மச்சம் இருந்தால் நல்ல கொக்கி. அவர்களுக்கு வெந்நீரக்காவைத் தெரியாது, எங்கள் சந்தைத் தெரியாது, கட்டைவிரலுக்கு மச்சத்தைத் தெரியும்.

கொக்கியை வாங்குவது ஒரு ஏணிக் கம்பெனி. அச்சுக்குப் பணம் கொடுத்தது கம்பெனி, அதனால் அச்சு கம்பெனிக்குச் சொந்தம். வைத்திருப்பதும் போடுவதும் இவர்கள். கம்பெனி சார்பில் வருகிற கொள்முதல்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் பாதிவிலை. எதைக் காட்டினாலும் முதல் பேச்சு பாதி விலையில்தான் தொடங்குவார். டீ வாங்கிக் கொடுத்தால்கூட அரை டம்ளர் போதும் என்பார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். அவர் தலைக்குமேல் ஒருத்தர், அந்த ஒருத்தர் தலைக்குமேல் இன்னொருத்தர். ஆனால் வருஷா வருஷம் விலை பேச வரும்போது அந்த மச்சத்தைக் காட்டி, குறையுள்ள சரக்கு என்று சொல்லிச் சல்லிசாக அடிப்பார். அச்சைச் சரிசெய்து தரவும் என்று கடிதமும் எழுதுவார். டைக்காரர் சரிசெய்யக் கிளம்பும்போதெல்லாம், அது இருக்கட்டும், அடுத்த லோடு அவசரம் என்று அவரே தடுத்தும்விடுவார். கடைகளில் மச்சத்தைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று அவருக்கும் தெரியும்.

அந்தக் கோடையில் வந்தபோது பாதிவிலை ஒரு மூட்டையைக் கொண்டு வந்து இறக்கினார். வாளியும் நாற்காலியும் செய்கிற மலிவுக் குருணை. நைலான் விலையில் பாதிகூட வராது. உலர்த்த வேண்டாம், ஊறவைக்க வேண்டாம், மெஷினுக்குச் சூடும் குறைவு, கரண்டு மிச்சம். இதில் முப்பது கொக்கி போட்டு வையுங்கள், அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பெனியில் ஏணியின் அலுமினியச் சட்டத்தைப் பிழிந்து எடுக்கும்போதே அதன் கனத்தை ஒரு நூல் குறைத்துவிட்டதையும், ஒரு பயலுக்கும் தெரியவில்லை என்பதையும் என்னிடம் பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். எனக்கு ஏன் அப்படித் தலையாட்ட வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த வாரம் அவர் வந்த நேரம் வெந்நீரக்கா நைலான் மூட்டை எடுக்கப் போயிருந்தாள். டைக்காரர் கிரைண்டரில் இருந்தார். நாத்தனார் மட்டும் முன்னால் இருந்தாள். பாதிவிலை இரண்டு ரகத்திலும் ஒவ்வொரு கொக்கி கேட்டார். மலிவுச் சரக்கில் ஒன்றை எடுத்தாள். நைலானுக்குத் தொட்டிப் பக்கம் கை நீட்டியவள், அந்தப் பழுப்பையும் கறையையும் பார்த்துத் தயங்கினாள். வந்திருப்பவர் பெரிய இடத்து ஆள். மலிவுச் சரக்கோ பளிச்சென்று இருக்கிறது. நம்முடையது அழுக்காக இருந்தால் என்ன நினைப்பார் என்று, மெஷின் தட்டிலிருந்து அப்போதுதான் விழுந்த பளபளப்பான கொக்கியை எடுத்து, முந்தானையால் துடைத்தும் கொடுத்துவிட்டாள்.

பாதிவிலை இரண்டையும் தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். மலிவுச் சரக்கில் ஒரு சொட்டை விழுந்தது, அவ்வளவுதான். நைலான் மூன்று துண்டாகத் தெறித்து, ஒரு துண்டு என் வாசல்வரை வந்தது. அவருடைய உதவியாளர் அதைப் போனில் படம் பிடித்தார். அங்கேயே நின்று மேலிடத்துக்கு அனுப்பியும் ஆயிற்று.

வெந்நீரக்கா திரும்பி வந்தபோது அவர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். அவள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், அது தண்ணீர் குடிக்காத கொக்கி, தொட்டியிலிருந்து எடுத்து அடித்துப் பாருங்கள் என்று மன்றாடியதை நான் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

"ஏணிக் கொக்கியைத் தண்ணியில வேகவச்சாத்தான் ஒடையாதுன்னு நான் போய் மொதலாளிகிட்ட சொன்னா என்னைய வேகவச்சிருவாரும்மா. பத்து நாள் டைம். இந்தச் சரக்குல போடுறீங்கன்னா ஆர்டர் தொடரும். இல்லேன்னா அச்சை எடுத்துக்கறோம். வேற ஆள் ரெடியா இருக்காங்க."

அன்று மத்தியானம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சோறும் முட்டைப் பொரியலும் தட்டில் காய்ந்தன. நாத்தனார் தொட்டி ஓரம் உட்கார்ந்து, தன் கையே தன்னைக் கெடுத்துவிட்டது என்று அழுதாள். டைக்காரர் சுவரைப் பார்த்தார். வெந்நீரக்கா ஏதாவது சொல்லப் போகிறாள் என்று நான் வாசலில் நின்று பயந்துகொண்டிருந்தேன். அவள் நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ தொட்டியிலேருந்து எடுத்துக் குடுத்திருந்தாலும் அவர் வேற ஏதாவது கண்டுபிடிச்சிருப்பார். மூட்டையைக் கொண்டுவந்து எறக்கினப்பவே முடிவு பண்ணிட்டு வந்தவர் அவர். அழுகையை நிறுத்திட்டுச் சாப்பிடு. பிசிறு சீவ ஆள் வேணும் எனக்கு."

"நான் பளபளன்னு இருக்கட்டும்னு நெனச்சேன் அண்ணி."

"தெரியும். எல்லாரும் அதைத்தான் நெனைக்கறாங்க. அதனாலதான் அந்தச் சரக்கு விக்குது."

அதன் பிறகு டைக்காரர் வாய் திறந்தார். அன்றைக்கான பத்து வார்த்தையையும், அடுத்த வாரத்துக்கானதையும் சேர்த்துப் பேசினார். மலிவுச் சரக்கிலேயே போட்டுவிடலாம், நாம் போடாவிட்டால் இன்னொருத்தன் போடப்போகிறான், ஏணியில் ஏறுகிறவனுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, மெஷின் சும்மா நின்றால் மூன்று பேர் என்ன செய்வது என்றார். நானும் விடாமல் உள்ளே புகுந்து, ஊரோடு ஒத்துப் போக வேண்டியதுதானே தங்கச்சி என்றேன். ஒரு கொக்கிக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குக்கூடச் சொன்னேன். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சுத்தியலால அடிச்சா ஒடையாதுங்கறது வேற, மேல ஒரு ஆள் நின்னா தாங்கறதுங்கறது வேற. இந்தச் சரக்கு ஒடையாது. சுமையோட நின்னா, அதுவும் வெயில்ல நின்னா, மெதுவா விரிஞ்சு குடுத்துக்கிட்டே போகும். வாளிப்பிடியில நானே பாத்திருக்கேன். வாளின்னா கீழதான விழும். ஏணின்னா ஆள் விழுவான்."

டைக்காரர் அதை நம்பவில்லை. அப்படியானால் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துவிடலாம் என்று அவளே சொன்னாள்.

பட்டறைக்கு முன்னால் தகரக் கூரையைத் தாங்குகிற இரும்பு உத்திரம் இருந்தது. நாள் முழுக்க வெயில் விழும் இடம். அதில் இரண்டு கொக்கிகளை மாட்டினார்கள். இடது பக்கம் மலிவு, வலது பக்கம் நைலான். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கம்பி, கம்பியின் அடியில் ஒரு தண்ணீர் டிரம். ஏணிக்குக் கொக்கி இரண்டு, அதனால் கொக்கிக்கு அரை ஆள் எடை போதும் என்றார் டைக்காரர். ஏறுகிறவன் இரண்டு காலிலும் சமமாகவா நிற்கிறான் என்று அவள் கேட்டாள். ஒரு முழு ஆள் எடைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். டிரம்மின் அடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பின்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

சந்துக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைத்தது. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். எதிர்ப்பட்டறை வெல்டிங்காரர் இடதுபக்கத்து டிரம்முக்கு ஒரு நாள் ஓட்டு, வலதுபக்கத்துக்கு ஒரு நாள் ஓட்டு என்று கட்சி மாறிக்கொண்டே இருந்தார். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்கூட, தங்கச்சி, உன் வாக்கு பொய்த்துப் போச்சே என்று சீண்டினேன். மூன்றாம் நாள் காலையில் இடது டிரம் கோட்டுக்குக் கீழே அரை விரல் இறங்கியிருந்தது. அவள் இரண்டாவது கோடு போட்டாள். ஐந்தாம் நாள் மூன்றாவது கோடு. ஏழாம் நாள் நாலாவது. வெயில் வேறு அந்த வாரம் மண்டையைப் பிளந்தது. தகரத்தில் கை வைக்க முடியவில்லை. வலது டிரம் முதல் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

அந்தப் பத்து நாளும் அவள் மெஷினை நிறுத்தவில்லை. நைலானிலேயே போட்டாள். ஊறவைத்து, காயவைத்து, மூட்டை கட்டி ஓரமாக அடுக்கினாள். பாதிவிலை எடுத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்தும் ஏன் போடுகிறாள் என்று டைக்காரர் என்னிடம் கேட்டார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் இடது கொக்கி வாயை அகலமாக விரித்து, கம்பியை விட்டுவிட்டது. டிரம் தரையில் விழுந்து உருண்டது. அவ்வளவு தண்ணீரும் சந்து சரிவில் நேராக என் பட்டறைக்குள் வந்தது. கொக்கி லோடு அனுப்ப அவளுக்காகச் செய்து அடுக்கி வைத்திருந்த நாற்பது பெட்டிகளும் நனைந்தன. வெந்நீரக்காவும் நாத்தனாரும் ஓடி வந்து பெட்டிகளைத் தூக்கினார்கள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை. தூக்கிய பெட்டி அவள் கையிலேயே பசை விட்டு, தாள் தாளாகப் பிரிந்தது. அவள் பிரிந்த தாள்களை எண்ணினாள்.

இதைத்தான் பின்னால் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு நான் விற்றது ஐந்து தாள் பெட்டி. வாங்கிய விலையும் ஐந்து தாளுக்கு உரியது. இரண்டு வருஷமாக உள்ளே இருந்தது மூன்று தாள். காகித விலை ஏறியபோது அவளிடம் விலையை ஏற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு, தாளைக் குறைத்தேன். அப்புறம் காகித விலை இறங்கியபோதும் தாளை ஏற்றவில்லை. வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது. திட்டியிருந்தால் தேவலை. அவள் ஈரத் தாள் மூன்றையும் என் மேஜைமேல் வைத்தாள்.

"எத்தனை நாளா அண்ணே?"

"ரெண்டு வருஷமா."

"சரி. காயவைங்க, மூட்டைக்கு அடியில போட ஆகும்."

அவள் போய்விட்டாள். நான் அன்று மீதிப் பொழுதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கமே இருந்தேன். சாயங்காலம் மெஷின் நின்றது, உள்ளேயிருந்து வெல்டிங் வைக்கிற சத்தமும், அப்புறம் ரொம்ப நேரம் உரசி மெருகேற்றுகிற சத்தமும் வந்தன. வேறு நாளாக இருந்தால் எட்டிப் பார்த்திருப்பேன். அன்று எனக்கு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்று தெரியவில்லை.

பத்தாம் நாள் காலையில் பாதிவிலை வந்தார். கூடவே ஒரு சின்ன லாரி, சங்கிலி, நாலு ஆட்கள். சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. வெந்நீரக்கா அவரை முதலில் உத்திரத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். வாய் விரிந்த கொக்கியைக் கையில் கொடுத்தாள். சுவரில் இருந்த கோடுகளைக் காட்டினாள். வலது பக்கம் டிரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். புரிந்த முகம்தான் அது.

"இங்க பாரும்மா," என்றார் கொஞ்சம் தணிந்த குரலில். "ஒம்பது நாள் எறங்காம யாரு ஏணியில நிக்கறா? பத்து நிமிஷம் நிப்பான், எறங்குவான். அதுக்கு இது போதும். நாங்க குடுக்கறது ஒரு வருஷ கேரண்டி."

"பத்து பத்து நிமிஷமா நின்னா கொக்கி மறந்துருமா சார்? ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா வாயைத் தொறந்துக்கிட்டேதான் இருக்கும். மேல நிக்கறவனுக்கு அன்னிக்கு ஒம்பதாவது நாளுன்னு யாரு சொல்வா? நீங்க சொல்வீங்களா?"

"உலகமே இந்தச் சரக்குக்கு மாறுது. நீ ஒருத்தி ஒத்தைக்கால்ல நின்னா ஆச்சா?"

"நாற்காலி பண்ணட்டும், வாளி பண்ணட்டும், நானும் பண்றேன். நல்ல சரக்குதான் அது. ஏணிக் கொக்கிக்கு ஆகாது. என் கையால அதைப் போட மாட்டேன்."

"அப்ப அச்சை எடுத்துக்க வேண்டியதுதான்."

"எடுத்துக்குங்க. உங்க அச்சு."

இவ்வளவு சுலபமாக விடுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. டைக்காரரைப் பார்த்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மெஷினிலிருந்து இறக்கி எண்ணெய் பூசி வைத்திருந்த அச்சைக் காட்டினார். ஆட்கள் சங்கிலியைப் போட்டார்கள். பாதிவிலை விவரமான ஆள். ஏற்றுவதற்கு முன்னால் திறந்து காட்டச் சொன்னார். இரண்டு பாதியையும் பிரித்தார்கள். அவர் குனிந்து குழிக்குள் விரலை விட்டுத் தடவினார். இன்னொரு குழியிலும் தடவினார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈ ஆடவில்லை.

"மச்சம் எங்க?"

வெந்நீரக்கா உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தாள். ஆறு வருஷத்துக் கடிதங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் முன்னால் பிடித்தாள். கொக்கியின் கழுத்தில் உள்ள குறைபாட்டை நீக்கித் தரவும். அச்சில் உள்ள பழுதை உடனடியாகச் சரிசெய்யவும். மேற்படி குறை காரணமாக விலையில் கழிவு தரவும். கீழே எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து.

"வருஷா வருஷம் நீங்கதான் கேட்டீங்க, சரிபண்ணிக் குடுன்னு. நேத்து ராத்திரி ஆகறதுக்குள்ள சரிபண்ணிக் குடுத்துட்டார். கூலிகூட வேண்டாம்."

"கடையில அதைத் தடவிப் பாத்துத்தான வாங்கறான்," என்றார் அவர். அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

சந்தில் யாரும் சிரிக்கவில்லை. டைக்காரர்தான் பேசினார். ஆறு வருஷமாக அந்த மச்சத்துக்காகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தவர், பாதிவிலையின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அது என் கை தவறிப் போட்டதுங்க. அதை நம்பி ஆளுங்க மேல ஏறறாங்க. நீங்க என்ன சரக்கை வேணா ஊத்திக்குங்க, என் தவறை அதுமேல ஒட்டிக் குடுக்க எனக்கு இஷ்டமில்லை."

பாதிவிலை அச்சை ஏற்றச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டினார். அடுக்கி வைத்திருந்த நைலான் மூட்டைகளைப் பார்த்து, அதை எடுத்துக்கொள்ள முடியாது என்று மட்டும் சொன்னார். யாரும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை என்றாள் அவள். லாரி பின்னோக்கியே நகர்ந்து சந்தை விட்டு வெளியேறியது. மெஷின் வாய் திறந்தபடி காலியாக இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் முகத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, வியர்வையா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு நாட்கள் சுலபமாக இல்லை. சுலபமாக இருந்தது என்று எழுதினால் பொய். வாரத்தில் மூன்று நாள் மெஷின் நின்றது. மற்ற நாட்களில் வாளிப்பிடி, மலிவுக் குருணையில்தான். நாற்பது விநாடிச் சத்தம் போய் இருபது விநாடிச் சத்தம் வந்தது. என் கைக்கு அது ஒத்துவரவே இல்லை. நாத்தனார் பக்கத்துத் தையல் பட்டறையில் பாதி நாள் வேலைக்குப் போனாள். டைக்காரர் ஒரு பழைய இரும்புக் கட்டியை வாங்கி வந்து, கடையில் தனியாக விற்கிற மாதிரி வேறு வடிவத்தில் ஒரு கொக்கிக்கு அச்சு வெட்ட ஆரம்பித்தார். சொந்த அச்சு. அதில் மச்சம் வைக்க மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் பிடிக்காமல் அழித்தார். தெரியாமல் விழுந்ததைத் தெரிந்து போட வரவில்லை அவருக்கு.

நான் ஐந்து தாளுக்குத் திரும்பிவிட்டேன். முதல் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் ஓரத்தைக் கிழித்து எண்ணிப் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. எண்ணட்டும் என்று நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல், ஏணி பழுது பார்க்கிற ஒருத்தர் தோளில் ஏணியோடு சந்துக்குள் வந்தார். புத்தம் புது ஏணி. கடை கடையாகக் கேட்டு, யாரோ கை காட்டி, இந்தச் சந்தைக் கண்டுபிடித்திருக்கிறார். வெந்நீரக்கா மெஷினில் இருந்தாள். நாத்தனார்தான் பிளேடும் கையுமாக முன்னால் இருந்தாள்.

"இதுல மச்சம் காணோம்மா. இங்கதான் செய்யறாங்கன்னு சொன்னாங்க."

அவள் ஏணியிலிருந்த அந்த வழவழப்பான கொக்கியின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுது இல்லைங்க. அச்சு அதே அச்சு. போட்டவங்க வேற."

"அப்ப உங்களுது இருக்கா?"

மூலையில் இருந்த மூட்டைகளில் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே கையை விட்டு, பழுப்பேறி, தண்ணீர்க்கறை படிந்த இரண்டு கொக்கிகளை எடுத்தாள். முந்தானையால் துடைக்கவில்லை. அப்படியே அவர் கையில் வைத்தாள். உள்ளே வெந்நீரக்கா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"பாக்க நல்லா இருக்காது," என்றாள் நாத்தனார். "ஆனா நல்லா தண்ணி குடிச்சது. சுத்தியல் அங்க கெடக்கு. அடிச்சுப் பாத்துட்டே வாங்குங்க."

அவர் சுத்தியல் பக்கம் திரும்பவில்லை. கட்டைவிரலால் இரண்டு கழுத்தையும் ஒரு தடவை தடவினார். பிறகு தோளிலிருந்த ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்து, அதிலிருந்த வழவழப்பான கொக்கிகளைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார்.